ஃபைபர் போட்டின் மூடிய அறைக்கு ஹேட்ச்: இடம் பார்ப்பதிலிருந்து தண்ணீர்ச் சோதனை வரை

தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் கரைகளில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் போட்டுகள் பலவற்றில் டெக்குக்குக் கீழே மூடிய அறைகள் உண்டு. போட் கவிழ்ந்தாலும் மிதக்க வேண்டும் என்று அடைத்தவை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அறைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் வெளியே இருந்து ஒன்றும் தெரியாது. போட் கனத்துக்கொண்டே போகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், அணியம் (முன்பக்கம்) எழும்ப மறுக்கும். எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்கவும், உள்ளே இருப்பதை இறைத்துக் காய வைக்கவும் ஒரு ஹேட்ச், அதாவது டெக்கில் மூடி போட்ட திறப்பு, வேண்டும்.

ஹேட்ச் என்றால் எல்லோரும் மூடியைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். மூடி ஒழுகினால் கண்ணில் படும், சரிசெய்துவிடலாம். டெக்கை அறுத்த விளிம்பைச் சரியாக அடைக்காமல் விட்டால் தண்ணீர் பலகைக்குள்ளும் மேட் (ரெசின் என்னும் பிசினில் நனைத்து இறுக்கும் கண்ணாடி இழை விரிப்பு) அடுக்குகளுக்கு நடுவிலும் ஊறி, இரண்டு மூன்று பருவத்தில் சுற்றியுள்ள டெக்கையே மெத்தென்று ஆக்கிவிடும். அதனால் இந்த வேலையில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் விளிம்பு.

எவ்வளவு பெரியது

கையை விட்டுத் துடைக்க, டார்ச் அடித்துப் பார்க்க மட்டும் என்றால் கடையில் கிடைக்கும் 6 அங்குல அல்லது 8 அங்குல வட்ட மூடி போதும். அந்த மூடி பிளேட்டை முதலில் வாங்கிவிட்டு, அதன் கீழ்க்கழுத்தை அளந்து, பிறகு ஓட்டை போடுங்கள். ஒரே 6 அங்குலம் என்றாலும் கழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 4, 5 மி.மீ. டெக்கில் மர ஸ்க்ரூ பிடிக்காது. நட் போல்ட்டாகவே போடுங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் பிளேட்டை அசிட்டோனால் துடைத்தால் உருகும். அதற்கு அடியில் பியூட்டைல் டேப் அல்லது நியூட்ரல் வகை சிலிக்கான் போடலாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் போல்ட்டை அரிக்கும், வேண்டாம்.

ஆள் இறங்கி வேலை செய்ய வேண்டுமானால் திறப்பு 400 × 450 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் அந்த அளவு ஹேட்சுக்கானது, கழுத்தையும் (திறப்பைச் சுற்றி டெக்குக்கு மேல் எழும் சுவர்) மூடியையும் நாமே வார்க்கும் முறையில்.

இடம்

டெக்கைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். குறுக்குச் சட்டம் இருக்கும் இடத்தில் ஓசை கெட்டியாக வரும், வெற்றிடத்தில் தொம்மென்று வரும். சட்டங்களைச் சாக்பீஸால் வரைந்துவிட்டு இரண்டு சட்டத்துக்கு நடுவில் திறப்பை வையுங்கள். சட்டத்தை அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அது வேறு வேலை. அளவைச் சுருக்குவதே மேல். போட்டின் ஓர விளிம்பிலிருந்து குறைந்தது 150 மி.மீ. உள்ளே இருக்கட்டும். அலையில் கரை ஏறும்போதும் டிராக்டர் இழுக்கும்போதும் போட் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு அதிகம் தாக்குவது ஓரத்தில்தான்.

அறையில் தண்ணீர் சேருவது தாழ்ந்த இடத்தில், பெரும்பாலும் பின்பக்கம். இறைப்பதற்கு ஹேட்ச் அதற்கு நேர் மேலே இருந்தால் நல்லது. ஆனால் டெக்கின் மேல் தண்ணீர் தேங்குவதும் அதே பின்பக்கத்தில். அறையின் பின் மூன்றில் ஒரு பகுதிக்குள், டெக் தண்ணீர் ஓடும் வழியிலிருந்து விலக்கி வைப்பது எங்கள் முடிவு. வலை இழுக்கும் பாதையில் வைக்காதீர்கள். துருத்திக்கொண்டிருக்கும் எதிலும் வலை மாட்டும். இரண்டு அறைகளுக்கு நடுவில் தடுப்பு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஹேட்ச் போடுங்கள். தடுப்பை உடைத்து ஒரே ஹேட்சால் சமாளித்தால், ஓர் இடத்தில் ஓட்டை விழும்போது இரண்டு அறையும் சேர்ந்து நிறையும்.

உள்ளே என்ன இருக்கிறது

அறுக்கும் முன் 6 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டு வளைத்த கம்பியை விட்டுப் பாருங்கள். எரிபொருள் டேங்கையும் கேனையும் முதலில் இறக்கிவிடுங்கள். உள்ளே பெட்ரோல் வாடை இருந்தால் கிரைண்டரைத் தொடவே கூடாது. திறந்து விட்டு, காற்று ஓட விட்டு, வாடை முழுக்கப் போன பிறகுதான் தொடங்கலாம். நாள்பட்ட தண்ணீர் கெட்டுப்போன அறையில் மூச்சுக்குத் தேவையான காற்று இருக்காது. அறுத்தவுடன் தலையை உள்ளே விடாதீர்கள். ஃபேன் வைத்துக் காற்றைத் தள்ளிவிட்டு, வெளியே ஒருவர் நிற்க, பிறகு இறங்குங்கள்.

கம்பியில் ஃபோம் துணுக்கு வந்தால் அதன்மேல் ஒரு சொட்டு ரெசின் விடுங்கள். கரைந்து குழிந்தால் அது தெர்மோகோல், அப்படியே இருந்தால் பியூஎஃப் (பாலியூரித்தேன் ஃபோம்). ரெசினில் உள்ள ஸ்டைரின் தெர்மோகோலைக் கரைத்துவிடும். தெர்மோகோல் அறை என்றால் ரெசின் படும் இடத்திலிருந்து நூறு மி.மீ.யாவது தள்ளி அறுத்தெடுத்து, மீதியைப் பாலித்தீன் ஷீட்டால் மூடி ஒட்டிவிட்டுத்தான் வேலை. எந்த ஃபோமையும் நெருப்பு வைத்து எடுக்காதீர்கள், பியூஎஃப் எரிந்தால் வரும் புகை உயிரைக் குடிக்கும்.

எடுக்கும் ஃபோமுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் இடம் கடலில் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். 400 × 450 மி.மீ. திறப்புக்கு நேர் கீழே 300 மி.மீ. ஆழம் தோண்டினால் 54 லிட்டர், அதாவது சுமார் 55 கிலோ மிதப்பு. ஹேட்ச் இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே உள்ள காற்றே அதைத் தாங்கும். மூடி போனால் அதுவும் போகும். வேலை முடிந்ததும் காலி 5 லிட்டர் கேன்களை மூடி இறுக்கி, கயிற்றில் கோத்து உள்ளே அடைத்து வையுங்கள். பார்க்க வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் குடித்த ஃபோம் எவ்வளவு வெயிலிலும் சீக்கிரம் காயாது. பிழிந்தால் தண்ணீர் வரும் ஃபோமை மனம் இரங்காமல் தூக்கிப் போடுங்கள்.

எப்போது செய்வது

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். ஈரமான மேட் ரெசினைக் குடிக்காது, வெள்ளை வெள்ளையாக நிற்கும். தை, மாசி மிக நல்ல காலம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் ஃபைபர் வேலை ஆட்களுக்கு அப்போது ஓய்வே இருக்காது, வெயிலும் உச்சம். அப்போதுதான் முடியும் என்றால் மேலே பந்தல் போட்டு, பனி ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, கடல்காற்று ஏறுவதற்குள் ரெசின் வேலையை முடியுங்கள். கடற்கரையில் உப்புப் படலம் எல்லாவற்றின் மேலும் உட்காரும். டெக்கை நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய விட்ட பிறகே உப்புத்தாளை எடுங்கள். கழுவாமல் தேய்த்தால் உப்பைத் தேய்த்து உள்ளே ஏற்றியதாகும்.

வாங்க வேண்டியவை

450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அந்த எடை) 2 கிலோ, 300 கிராம் மேட் ஒரு மீட்டர், ஐசோ பாலியெஸ்டர் ரெசின் 6 கிலோ, ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 100 மி.லி., மேல்பூச்சுக்கு ஜெல்கோட் 1 கிலோ, மெழுகுக் கரைசல் கொஞ்சம், ரெசினைக் கெட்டியாக்கும் ஏரோசில் பொடி அரை கிலோ, அசிட்டோன் 2 லிட்டர். ஐஎஸ் 710 முத்திரை உள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட் கால் ஷீட். 12 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலத்தில் நியோப்ரீன் ஸ்பாஞ்ச் ரப்பர் 2 மீட்டர். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 டாகிள் லாட்ச் (இழுத்து இறுக்கும் கொக்கி) நான்கு, அதே தரத்தில் எம்6 போல்ட், அகல வாஷர். பாலியூரித்தேன் சீலன்ட் ஒரு டியூப். பிரவுன் பேக்கிங் டேப் ஒரு ரோல், அரை மி.மீ. தகரம் 1.7 மீட்டர் நீளத்தில் 120 மி.மீ. அகலப் பட்டை.

ரெசின் டின்னில் தயாரித்த தேதியைப் பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஆறு மாதம் தாண்டிய ரெசின் நம்பகமானது அல்ல. எஸ்எஸ் 304 உப்புக்காற்றில் பழுப்பேறும். முலாம் பூசிய இரும்பு லாட்ச் சில மாதத்தில் துருப்பிடித்துத் திறக்கவே வராது.

கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் ரெசினுக்குக் கோபால்ட் (இறுகுவதைத் தூண்டும் திரவம்) தனியாகக் கலக்க வேண்டும் என்றால், அதை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும்.

அறுப்பது

காகித அட்டையில் 400 × 450 வெட்டி, நான்கு மூலையையும் 50 மி.மீ. ஆரத்தில் வளைத்து, டெக்கில் வரையுங்கள். மூலைகளில் 100 மி.மீ. ஹோல்சா போட்டால் அந்த வளைவு தானே வந்துவிடும். பக்கங்களை ஜிக்சாவில் அறுங்கள். கிரைண்டரில் அறுத்தால் வேகம்தான், ஆனால் சக்கரம் மூலையைத் தாண்டிக் கீறிவிடும். அந்தக் கீறலிலிருந்துதான் டெக் விரிசல் ஓடத் தொடங்கும். சதுர மூலையும் அதே காரணத்துக்காகக் கூடாது. கடைசிப் பக்கத்தை அறுக்கும் முன் குறுக்கே ஒரு ரீப்பரை வைத்து ஸ்க்ரூ போடுங்கள், இல்லாவிட்டால் துண்டு உள்ளே விழும்.

அறுத்த துண்டைப் பத்திரமாக வையுங்கள். டெக்கின் தடிமன், எத்தனை அடுக்கு மேட், நடுவில் பலகை உண்டா, அது கறுத்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். பின்னால் அதுவே அச்சாகவும் பயன்படும்.

ஃபைபர் தூசிக்கு என்95 மாஸ்க், முழுக்கைச் சட்டை. கைக்கு டால்கம் பவுடர் போடலாம். எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்யாதீர்கள், அது பட்ட இடத்தில் ரெசின் ஒட்டாது.

விளிம்பை அடைப்பது

டெக் நடுவில் பலகையோ ஃபோமோ இருந்தால், மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவில் அதைச் சுற்றிலும் 25 மி.மீ. ஆழம் குடைந்தெடுங்கள். கறுப்பு ஈரப்பலகை என்றால் 25 என்று நிறுத்தக் கூடாது; காய்ந்த வெள்ளைப் பலகை வரும்வரை போக வேண்டும். பிறகு கேட்டலிஸ்ட் கலந்த வெறும் ரெசினை ஒருமுறை பூசி, அது பிசுபிசுக்கும்போதே ரெசினில் ஏரோசிலும் நறுக்கிய மேட் இழையும் பிசைந்த பட்டியை அழுத்தி அடையுங்கள். நடுவில் காற்றுப் பை நின்றால் அங்கேதான் தண்ணீர் நிற்கும். பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக, கத்தியால் உள்ளே தள்ளித் தள்ளி அடைக்க வேண்டும்.

டெக் ஒற்றைத் தோல் என்றால் அறுத்தபின் விளிம்பு தொங்கும். 75 மி.மீ. அகல 12 மி.மீ. பிளைவுட் பட்டைகளைக் கீழ்ப்பக்கம் சுற்றிலும் பட்டியில் பதித்து, மேலிருந்து தற்காலிக ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். பதிக்கும் முன் பட்டைகளின் எல்லாப் பக்கமும் ரெசின் குடித்திருக்க வேண்டும். காய்ந்ததும் ஸ்க்ரூவை எடுத்து ஓட்டைகளைப் பட்டியால் அடையுங்கள்.

பலகையில் எபாக்ஸிதான் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் காய்ந்த எபாக்ஸிமேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. சாதாரண மேட்டில் உள்ள பசை ஸ்டைரினில்தான் கரையும், எபாக்ஸியில் கரையாது. ஒன்றை எடுத்தால் கடைசிவரை அதுவே. போட் பாலியெஸ்டர் என்பதால் இங்கே பாலியெஸ்டரிலேயே சொல்கிறோம்.

கழுத்து வார்ப்பது

திறப்பைச் சுற்றி 75 மி.மீ. அகலத்துக்கு ஜெல்கோட் முழுவதையும் 36 நம்பர் தாளால் எடுத்து, உள் விளிம்பை நோக்கிச் சரிவாகத் தேயுங்கள். 6 மி.மீ. டெக்குக்கு இந்தச் சரிவு ஏறத்தாழ 1:12. இதைவிடக் குறுகலாகத் தேய்த்தால் புதிய மேட் ஓரத்தில் உரியும். தூசியைத் தட்டிவிட்டு, அசிட்டோன் நனைத்த சுத்தமான துணியால் ஒரே திசையில் துடையுங்கள். தேய்த்த அன்றே மேட் போட்டுவிட வேண்டும்.

தகரப் பட்டைமேல் பேக்கிங் டேப்பை மடிப்பில்லாமல் ஒட்டுங்கள், ரெசின் அதில் ஒட்டாது. பட்டையை வளையமாகத் திறப்புக்குள் இறக்கி, டெக்குக்கு மேல் 60 மி.மீ. நிற்கும்படி வையுங்கள். அறுத்தெடுத்த துண்டை வளையத்துக்குள் 30 மி.மீ. உயரத்தில் முட்டுக் கொடுத்தால் வளையம் அதே வடிவில் விறைப்பாக நிற்கும். தகரம் டெக்கைச் சந்திக்கும் கோணத்தில் பட்டியை விரலால் இழுத்து 10 மி.மீ. வளைவு கொடுங்கள். கூர்க் கோணத்தில் மேட் மடங்காது, அடியில் காற்று நிற்கும்.

இனி வெளிப்பக்கம் மேட். முதலில் 300, அதன்மேல் 450 மூன்று அடுக்கு. டெக்கில் படியும் அகலம் முதல் அடுக்குக்கு 30 மி.மீ., பிறகு ஒவ்வொன்றுக்கும் 15 மி.மீ. கூட்டி, கடைசி அடுக்கு சரிவின் முடிவைத் தொடும். மேட்டை 300 மி.மீ. துண்டுகளாகக் கிழித்துப் போடுங்கள். கத்திரியால் வெட்டிய ஓரத்தைவிடக் கிழித்த ஓரம் நன்றாகக் கலக்கும். ஒரு கிலோ மேட்டுக்கு ரெசின் இரண்டரை கிலோ. ஒவ்வோர் அடுக்கையும் ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றிய பிறகே அடுத்தது.

கேட்டலிஸ்ட் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 15 மி.லி. வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று இதற்குக் கீழே இறக்கினால் ரெசின் கடைசிவரை முழுதாக இறுகாது. அளவைக் குறைக்காமல், 300 கிராம் வீதம் மட்டும், அகலத் தட்டில் கலக்குங்கள். குறுகிய டப்பாவில் நிறையக் கலந்தால் அதன் சூட்டிலேயே புகைந்துவிடும். மிஞ்சிய ரெசினை மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், மணலில் பரப்பிவிடுங்கள்.

மறுநாள் வளையத்தைக் கழற்றுங்கள். கழுத்தை 50 மி.மீ. உயரத்துக்கு அறுத்து, பலகைத் துண்டில் ஒட்டிய 60 நம்பர் தாளால் மேல்விளிம்பு ஒரே மட்டமாகும்வரை தேயுங்கள். ரப்பர் பொருந்துவது இந்த மட்டத்தைப் பொறுத்தது.

அடுத்தது உள்பக்கம். பலர் விட்டுவிடும் பகுதி இதுதான். கழுத்தின் உள்முகத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, அடிவிளிம்பை உருட்டி, 450 மேட் இரண்டு அடுக்கைக் கழுத்தின் மேலிருந்து அறுத்த விளிம்பைத் தாண்டி டெக்கின் அடிப்பக்கம்வரை மடக்கி ஒட்டுங்கள். பிளைவுட் பட்டை இருந்தால் அதையும் மூடி, 50 மி.மீ. தாண்டிப் பிடிக்க வேண்டும். அடிப்பக்கம் மேட் தொங்கி விழும். ரெசினில் கொஞ்சம் ஏரோசில் சேர்த்து, மேட்டை 150 மி.மீ. துண்டுகளாக நனைத்து எடுத்து ஒட்டினால் நிற்கும். ஒரு கண்ணாடியை உள்ளே சாய்த்து வைத்துப் பாருங்கள், கைக்குத் தெரியாத வெள்ளைத் திட்டு கண்ணுக்குத் தெரியும்.

மூடி

மூடி கழுத்தின்மேல் சம்படத்து மூடிபோல் கவிழ வேண்டும். கழுத்தையே அச்சாக்கலாம். கழுத்தைச் சுற்றி 5 மி.மீ. ரப்பர் ஷீட், மேலே 8 மி.மீ. பலகை, எல்லாம் பேக்கிங் டேப்பால் மூடியது. அந்த 8 மி.மீ. பின்னால் ரப்பர் அமுங்கி நிற்கும் இடம். இதன்மேல் 450 மேட் மூன்று அடுக்கு, ஓரம் 40 மி.மீ. இறங்கும்படி. இறுகியதும் நடுவில் ஓரம் சரித்த 12 மி.மீ. பிளைவுட் 380 × 430 பதித்து, மேலே இன்னும் இரண்டு அடுக்கு. மூன்று நாள் அச்சிலேயே இருக்கட்டும். சீக்கிரம் எடுத்த மூடி கோணிக்கொள்ளும்.

மேலே மெழுகு கலந்த ஜெல்கோட். மெழுகில்லாமல் பூசினால் காற்றுப்படும் முகம் பிசுபிசுப்பாகவே இருக்கும். வழுக்காமலிருக்க ஈர ஜெல்கோட்மேல் மணல் தூவலாம். கழுவிக் காயவைத்த ஆற்று மணல்தான், கடற்கரை மணல் உப்பைச் சுமந்து வரும்.

மூடியில் போடும் ஓட்டைகள் எல்லாம் அதன் இறங்கு விளிம்பில் மட்டும். பலகை இருக்கும் நடுப்பகுதியில் ஒன்றுகூட வேண்டாம். லாட்ச்களை அணியப் பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு வையுங்கள், வலை வரும் பக்கங்கள் வழுவழுப்பாக இருக்கட்டும். கீல் போட்டால் அந்தப் பக்கம் மட்டும் ரப்பர் அதிகம் நசுங்கும். கீலுக்குப் பதில் மூடியின் உள்ளிருந்து ஒரு கயிற்றை அறைக்குள் கட்டிவிட்டால் மூடி கடலில் போகாது. டெக்கில் போல்ட் போகும் இடத்தை 10 மி.மீ. துளைத்து, பட்டி அடைத்து, இறுகியபின் நடுவில் 6 மி.மீ. துளையுங்கள். துளை வாயைச் சற்றே குழித்தால் சீலன்ட் அங்கே வளையமாக நின்று பிடிக்கும். எஸ்எஸ் நட் எஸ்எஸ் போல்ட்டில் இறுகிச் சிக்கிக்கொள்ளும், துளி கிரீஸ் தடவுங்கள்.

ரப்பரை மூடிக்குள் ஒட்டும்போது இணைப்பை மூலையில் வைக்காமல் ஒரு பக்கத்தின் நடுவில், சாய்வாக வெட்டிச் சேருங்கள். மெத்தை ஸ்பாஞ்ச் தண்ணீரை உறிஞ்சும். ஈபிடிஎம் ரப்பர் டீசல் பட்டால் ஊதிக்கொள்ளும், நம் போட்டுக்கு நியோப்ரீன்தான் சரி.

சோதனை

கழுத்தின் விளிம்பில் சாக்பீஸ் பூசி, மூடியை இறுக்கித் திறந்து பாருங்கள். ரப்பரில் வெள்ளைக் கோடு விடாமல் ஓட வேண்டும். விட்ட இடத்தில் விளிம்பைப் பட்டி வைத்து உயர்த்துங்கள். லாட்சை இன்னும் இறுக்கிச் சமாளித்தால் மறுபக்கம் தூக்கும். பிறகு உள்ளே காய்ந்த செய்தித்தாளை விரித்து, மூடி, பத்து நிமிடம் குழாய்த் தண்ணீரை எல்லாப் பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள். இருட்டியதும் எரியும் டார்ச்சை உள்ளே வைத்து மூடினால், வெளிச்சம் கசியும் இடமும் தெரியும்.

அசிட்டோன் துணியால் தேய்க்கும்போது மேற்பரப்பு பிசுக்கானால் இன்னும் இறுகவில்லை. ஒரு வாரம் முடிந்த பிறகு அலையில் இறக்குவது நல்லது.

வெயிலில் நின்ற போட்டின் அறைக்காற்று 60 டிகிரியைத் தொட்டு, கடலில் இறங்கியதும் 28க்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இழுப்பில், வெளியே ஒழுகாத ரப்பர்கூடத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். கடலுக்குத் தள்ளும் முன் ஒருமுறை மூடியைத் திறந்து, காற்று ஆறவிட்டு, மறுபடி மூடுங்கள். இதற்காக மிதப்பு அறையில் காற்றோட்டத் துளை போடக் கூடாது. கரை ஏறியதும் ரப்பரை நல்ல தண்ணீரில் கழுவி, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாஸ்லினும் டீசலும் தடவும் பழக்கம் ரப்பரைக் கெடுக்கும். நிறுத்தி வைக்கும் நாட்களில் லாட்சைத் தளர்த்தி வையுங்கள். தளர்த்தியும் ரப்பரில் விழுந்த பள்ளம் எழவில்லை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.